மூடி

பகலெல்லாம் முகங்களை நேராக்குவது என் வேலை.
தாடையைக் கொஞ்சம் இறக்குங்கள்,
இடது தோள் ஏறியிருக்கிறது,
சிரிக்க வேண்டாம், விண்ணப்பத்துக்கு ஆகாது.
கியோபாஷி ரயில் நிலையத்தின் பின்புறம், இரண்டாம் மாடி,
இகுஷிமா ஸ்டூடியோ.
வேலை தேடும் இருபத்திரண்டு வயதுகள்
ஒரே கறுப்புக் கோட்டில் படியேறி வந்து
மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கி
உறைக்குள் போகிறார்கள்.
நான் குள்ளம்.
மரப்பெட்டி மேல் ஏறி நின்றுதான்
அவர்கள் கண்ணைச் சந்திக்கிறேன்.

ஆறரைக்குக் கடை ஷட்டரை இறக்கிவிட்டு
சொந்தக் கேமராவோடு இறங்குவேன்.
பெட்டி மாடியிலேயே இருக்கும்.

இந்த ஒசாகாவில்
தரையில் விழுந்தது தரையிலேயே கிடப்பதில்லை.
யாரோ குனிகிறார்கள்.
மிதிபடாத உயரத்தில் எடுத்து வைத்துவிட்டு
ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள்.
அந்த யாரோவை மட்டும்
ஒன்பது வருடமாக என்னால் எடுக்க முடியவில்லை.

கிடைத்தவை இவ்வளவுதான்:
வேலிக் கம்பி முனையில் மாட்டிய கம்பளிக் கையுறை,
போகிற வருகிறவர்களை
நில் என்று சொல்லிக்கொண்டு.
காப்பி விற்கும் இயந்திரத்தின் தலையில்
குழந்தையின் ஒற்றைச் செருப்பு, அதற்குள் மழை.
சுருஹாஷியில் ஒருமுறை
காகிதக் கைக்குட்டை விரித்து, அதன்மேல் மரியாதையாக
ஒரு பல்செட்.
அன்று கை நடுங்கிவிட்டது, சிரிப்பில்.

எல்லாமே அண்ணாந்து எடுத்த படங்கள்.
கண்காட்சிக்குக் கேட்டு வந்த கமியா அம்மாள்
ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு,
"பொருள்களைத் தெய்வம் மாதிரி எடுத்திருக்கிறீர்கள்" என்றார்.
இல்லை அம்மா, உயரம் அவ்வளவுதான் என்றேன்.

பிப்ரவரி, ஒரு வியாழன்.
தென்மாவில் ரயில் பாலத்துக்கு அடியில்
காசு போட்டுத் துவைக்கும் கடை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒருவர் தன் சட்டைகள் சுற்றுவதையே
பந்தயம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்று எடுத்தேன். நிமிர்ந்தார்.
கேமராவைத் தாழ்த்தித் தலைவணங்கினேன்.
அவரும் வணங்கினார்,
பின்னால் சட்டைகளும் ஒருமுறை கவிழ்ந்தன.

வீட்டுக்குப் பாதி வழியில்தான் தெரிந்தது,
லென்ஸ் மூடியைக் காணோம்.
மழை வேறு.
காற்றில் அகலைக் கொண்டுபோகிறவன் மாதிரி
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நடந்தேன்.

மறுநாள்
முந்தைய இரவைக் கடைசிப் படத்திலிருந்து முதல் படத்துக்கு
பின்னோக்கி நடந்து தேடினேன்.
கேட்காத இடமில்லை. வெங்காயத்தாள் வாங்கிய கடையிலும் கேட்டேன்.
துவைக்கும் கடையின் ஜன்னல் சட்டம்,
அதில் இருந்தது.
துடைத்து, கண்ணாடியில் சாய்த்து,
பெயர் எழுதிய பக்கம் வெளியே தெரிய.

கை நீட்டப் போனவன் நின்றேன்.
அண்ணாந்து பார்க்கவில்லை நான்.
மேலே இன்னும் மூன்று தட்டு காலியாக இருக்க
என் கண்ணுக்கு நேரே வைத்திருந்தார்கள்.

உள்ளே நான்கு பேர்.
ஒருத்தி போர்வையின் மூலைகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.
ஒருவர் தூக்கம்.
இரண்டு பையன்கள் ஒரே காதணிக் கம்பியை
ஆளுக்கொரு காதில் மாட்டியிருந்தார்கள்.
நேற்றுச் சட்டை பார்த்தவர் இல்லை.
யார் என்று கேட்டேன்.
நானில்லை என்று கையசைத்தார்கள், தூங்கியவரும் விழித்து.

படம் எடுத்தேனா என்று கமியா அம்மாள் கேட்டார்.
மூடியைப் போட்டுவிட்டேன்.

திரும்பும்போது பாலத்தின் மேல்
ஒரு சைக்கிள் சாவி,
மஞ்சள் மணி கோத்தது,
ஈரத்தில் கிடந்தது.
குனிந்து எடுத்துக் கால்சட்டையில் துடைத்தேன்.
இரண்டு பக்கமும் பார்த்தேன்,
யார் கையிலும் கேமரா இல்லை.

கைப்பிடிக் கம்பியில் மாட்டலாம்.
எந்தக் கம்பியில்?
யாருடைய கண் என்று தெரியாமல்
மணி கிணுகிணுக்க
கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.